வறட்சியில் கொழும்பின் தண்ணீர்: வீடுகளிலிருந்து வரும் கேள்விகளும் பதில்களும்

தைப்பொங்கல் முடிந்த கையோடு கொழும்பில் தண்ணீரைப் பற்றிய பேச்சு தொடங்கிவிடும். நீர்வெட்டு அறிவித்தல் வந்ததும் வாளி, குடம், அண்டா என்று எல்லாவற்றையும் நிரப்புவோம். ஏப்ரல் மழை இறங்கியதும் எல்லாவற்றையும் மறந்துவிடுவோம். வெள்ளவத்தைத் தொடர்மாடிகளிலும், ‘தோட்டம்’ என்று நாம் சொல்லும் கொட்டாஞ்சேனை, மட்டக்குளி நெருக்கக் குடியிருப்புகளிலும் வாழும் உறவினர்களும் அயலவர்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்து, எனக்குத் தெரிந்தவற்றை எழுதியிருக்கிறேன்.

கொழும்பில் ஆண்டு முழுவதும் மழை பெய்கிறதே, இங்கே வறட்சி எப்படி வரும்?

கொழும்பில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்வது உண்மைதான். ஆனால் அது பன்னிரண்டு மாதங்களுக்கும் பங்கு போட்டுப் பெய்வதில்லை. மே மாதம் தொடங்கும் தென்மேற்குப் பருவமழையும் ஒக்டோபர், நவம்பர் இடைப்பருவ மழையும்தான் நமக்குப் பெரும் வரவு. ஜனவரியும் பெப்ரவரியும் மேற்குக் கரைக்கு உலர்ந்த மாதங்கள். அதற்கு முந்திய மழையும் பொய்த்துவிட்டால் ஆறு மெலிந்துவிடும்.

2016ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். அந்த ஆண்டு மே மாதத்தில் களனி கங்கை பெருகிக் கொலன்னாவையும் கடுவெலையும் மூழ்கின; மக்கள் படகுகளில் வெளியேறினார்கள். அதே ஆண்டின் இறுதியில் தொடங்கி 2017 வரை நீண்ட வறட்சி, நாற்பது ஆண்டுகளில் நாடு கண்ட மிக மோசமான வறட்சி என்று பேசப்பட்டது. வெள்ளத்துக்கும் வறட்சிக்கும் இடையே ஓர் ஆண்டுகூட இருக்கவில்லை. ஆகவே, “மழை நாட்டில் தண்ணீருக்கு என்ன குறை” என்று இனிச் சொல்ல முடியாது.

எங்கள் குழாயில் வரும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

இந்தக் கேள்வியைப் பிள்ளைகள்தான் அதிகம் கேட்கிறார்கள். பெரியவர்களும் கேட்க வேண்டும்.

கொழும்பின் தண்ணீரில் பெரும்பங்கு களனி கங்கையிலிருந்து வருகிறது. அம்பத்தலையில் ஆற்றுநீரை எடுத்துச் சுத்திகரித்து, மின்சாரத்தால் இயங்கும் பம்பிகளைக் கொண்டு நகருக்குத் தள்ளுகிறார்கள். அம்பத்தலையில் மின்சாரம் தடைப்பட்டால் நம் வீட்டுக் குழாயும் வற்றுவது இதனால்தான். அவிசாவளைப் பக்கத்து மலைக்காடுகளுக்குள் இருக்கும் லபுகம, களட்டுவாவ நீர்த்தேக்கங்களும் நகருக்கு நீர் தருகின்றன. லபுகம 1880களில் கட்டப்பட்டது. களட்டுவாவ 1950களில் சேர்ந்தது. அங்கிருந்து தண்ணீர் தன் பாரத்தாலேயே இறங்கி வருகிறது. தெற்குப் புறநகர்களின் சில பகுதிகளுக்குக் களு கங்கை நீர் வருகிறது. இவற்றையெல்லாம் நடத்துவது 1975இல் இயங்கத் தொடங்கிய தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபை.

ஆனால் அம்பத்தலையோடு கதை முடிவதில்லை. களனி கங்கை சிவனொளிபாதமலைப் பக்கத்து மலைகளில் பிறந்து ஏறத்தாழ 145 கிலோமீற்றர் ஓடி முகத்துவாரத்தில் கடலில் சேர்கிறது. அதன் மேல்கிளைகளில்தான் காசல்ரீ, மவுசாக்கலை நீர்த்தேக்கங்கள் இருக்கின்றன. மஸ்கெலியா, நோர்வூட் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே தேங்கும் அந்த நீர் முதலில் மின்சாரமாகிறது, பிறகு ஆறாக இறங்குகிறது, கடைசியில் நம் குசினிக்கு வருகிறது. மவுசாக்கலையைக் கட்டியபோது பழைய மஸ்கெலியா நகரமே நீருக்குள் போனது. கடும் வறட்சியில் நீர்மட்டம் இறங்கும்போது அந்தப் பழைய நகரின் வழிபாட்டிடங்களின் இடிபாடுகள் வெளியே தெரிகின்றன. பத்திரிகைகளில் படம் வருகிறது, பார்க்கக் கூட்டம் போகிறது. கொழும்பில் இருக்கும் நாம் அந்தப் படத்தை நமக்கு வந்த எச்சரிக்கையாகவே எடுத்துக்கொள்ள வேண்டும் என்பேன்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. அந்த மலைகளிலேயே, தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயன்களில், பீலித் தண்ணீருக்காக வரிசையில் நிற்கும் குடும்பங்கள் இன்னமும் இருக்கின்றன. கொழும்புத் தமிழர்களில் எத்தனையோ பேருக்கு அது தாய் வீடு, தாத்தா வீடு. ஆறு பிறக்கும் இடத்தில் இருப்பவர்கள் தண்ணீருக்குத் தவிக்கும்போது, ஆறு முடியும் இடத்தில் இருக்கும் நாம் குழாயைத் திறந்துவிட்டுப் பல் துலக்குவதில் எனக்கு மனம் ஒப்பவில்லை.

வறட்சிக் காலத்தில் தண்ணீர் உப்புக் கரிக்கும் என்கிறார்கள். அது உண்மையா?

உண்மை. அம்பத்தலை ஆற்றின் முகத்துவாரத்திலிருந்து ஏறத்தாழ 14 கிலோமீற்றர் தூரத்தில் இருக்கிறது. ஆற்றில் நீரோட்டம் வலுவாக இருக்கும்போது அது கடலை வெளியே தள்ளிவைக்கிறது. ஓட்டம் குறைந்ததும் கடல்நீர் உள்ளே ஏறுகிறது. உப்புநீர் பாரமானது என்பதால் அது மேற்பரப்பில் வராமல் ஆற்றின் அடியோடு ஊர்ந்து வரும். பல ஆண்டு மணல் அகழ்வால் களனியின் படுகை தாழ்ந்துபோனது அதற்கு இன்னும் வசதியாகிவிட்டது. அதனால்தான் வறண்ட மாதங்களில் அம்பத்தலைக்கு அருகே ஆற்றின் குறுக்கே மணல் மூட்டைகளை அடுக்கித் தடுப்பு அமைத்து வந்தார்கள்.

மணல் அகழ்ந்தவர் ஒருவர், வீடு கட்டியவர் இன்னொருவர், உப்புத் தண்ணீரைக் குடிப்பவர் மூன்றாமவர். உயர் இரத்த அழுத்தமும் சிறுநீரகக் கோளாறும் உள்ளவர்கள் வீட்டில் இருந்தால், தண்ணீரில் உப்புச்சுவை தெரியும் நாட்களில் குடிக்க வேறு நீர் வைத்துக்கொள்ளுங்கள். கொதிக்கவைத்தால் கிருமி சாகும், உப்புப் போகாது.

இதற்கும் காலநிலை மாற்றத்துக்கும் என்ன தொடர்பு? வறட்சி முன்பும் வந்ததுதானே?

வந்தது. ஒரு தனி வறட்சியைச் சுட்டி “இது காலநிலை மாற்றத்தால்தான்” என்று சொல்வது எளிதல்ல. ஆனால் அடிப்படை தெளிவாக இருக்கிறது: காற்றின் வெப்பம் ஒரு பாகை செல்சியஸ் கூடினால் அது ஏறத்தாழ 7 வீதம் கூடுதலாக நீராவியைத் தாங்கும். விளைவு, பெய்யும்போது கொட்டித் தீர்ப்பது, பெய்யாதபோது நீண்ட நாள் காய்வது. கொட்டித் தீர்க்கும் மழை வெள்ளமாகக் கடலுக்குப் போகிறது. நிலத்துக்குள் இறங்க அதற்கு நேரம் கிடைப்பதில்லை. கடல்மட்டம் உயர உயர, மேலே சொன்ன உப்புநீர்த் தொல்லையும் கூடும். இதனோடு, பசிபிக் கடல்நீர் வழமையைவிடச் சூடாகும் எல் நினோ ஆண்டுகளில் ஜனவரி முதல் மார்ச் வரையான மழை குறையும் போக்கும் சேர்ந்துகொள்கிறது.

ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும்?

குடிப்பது, சமைப்பது, குளிப்பது, துவைப்பது, கழிப்பறை எல்லாம் சேர்த்து ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 50 முதல் 100 லீற்றர் இருந்தால் அடிப்படைத் தேவை நிறைவேறும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. நால்வர் குடும்பம் ஆளுக்கு 100 லீற்றர் எடுத்தால் ஒரு நாளைக்கு 400, மாதத்துக்கு 12,000 லீற்றர்.

தண்ணீர் பில்லில் ஓர் அலகு என்பது 1,000 லீற்றர். அப்படியானால் அந்தக் குடும்பத்துக்கு 12 அலகு. உங்கள் பில்லை எடுத்து, அலகை வீட்டில் உள்ளவர்களின் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். ஆளுக்கு மூன்றுக்கு மேல் போகிறது என்றால் எங்கோ ஒழுகுகிறது, அல்லது எங்கோ பழக்கம் தவறாக இருக்கிறது. நிலுவைத் தொகையை மட்டும் பார்த்துவிட்டுப் பில்லை மடித்து வைக்கிறோம். அலகுதான் முதலில் பார்க்க வேண்டிய எண்.

வீட்டில் தண்ணீர் எங்கே அதிகம் வீணாகிறது?

குசினியில் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். முதல் குற்றவாளி கழிப்பறை. பழைய வகைத் தாங்கி ஒரு முறை அழுத்தினால் 9 லீற்றர் அல்லது அதற்கு மேலும் கொட்டும். நான்கு பேர் ஆளுக்கு ஐந்து தடவை என்றால் ஒரே நாளில் 180 லீற்றர். புதிய இரட்டைப் பொத்தான் வகையில் 3 அல்லது 6 லீற்றர்தான் செலவாகும். மாற்ற வசதி இல்லாதவர்கள் ஒன்றரை லீற்றர் போத்தல் ஒன்றில் தண்ணீர் நிரப்பி, மூடியை இறுக்கி, தாங்கிக்குள் மிதவையில் முட்டாத இடத்தில் நிறுத்திவையுங்கள். அழுத்தும் ஒவ்வொரு முறையும் ஒன்றரை லீற்றர் மிஞ்சும். மாதக் கடைசியில் ஏறத்தாழ ஓர் அலகு.

அதைவிட மோசமானது சத்தமில்லாத ஒழுக்கு. தாங்கிக்குள் கேசரிப் பவுடர் கொஞ்சம் போட்டு, அரை மணி நேரம் யாரும் அழுத்தாமல் விட்டுப் பாருங்கள். கொமட்டுக்குள் நிறம் இறங்கியிருந்தால் அடி ரப்பர் தேய்ந்துவிட்டது என்று பொருள். குழாய்களும் அப்படித்தான்: நொடிக்கு ஒரு சொட்டு ஒழுகினால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 20 லீற்றர் போகும். ஒரு வொஷர் மாற்றினால் நின்றுவிடும் வேலை அது.

வீடு முழுவதையும் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. இரவு படுக்குமுன் எல்லாக் குழாய்களையும் பூட்டிவிட்டு நீர்மானியின் எண்ணைக் குறித்துவையுங்கள். காலையில் முதல் ஆள் குழாயைத் திறப்பதற்கு முன் மீண்டும் பாருங்கள். மேல்தாங்கி இரவில் நிரம்பாத வீட்டில் எண் நகர்ந்திருந்தால் ஒழுக்கு இருக்கிறது.

குளிப்பதில், பூவாளிக் குழாய்க்கு அடியில் பத்து நிமிடம் நின்றால் 100 லீற்றர் வரை போகும். வாளியும் கோப்பையும் என்றால் ஒரு வாளி, மிஞ்சினால் ஒன்றரை. மேல்தாங்கி நிரம்பி வழிவதைப் பார்த்தும் மோட்டரை நிறுத்தாத வீடுகளைப் பற்றி எழுதவே கோபம் வருகிறது. மிதவை வால்வு மலிவானது, பொருத்துங்கள்.

குசினித் தண்ணீரை மறுபடி பயன்படுத்தலாமா?

அரிசி, பருப்பு, மரக்கறி கழுவிய நீர் செடிகளுக்குப் போகட்டும். அறைக் குளிரூட்டியிலிருந்து (ஏசி) சொட்டும் நீரைச் சேர்த்தால் கொழும்பின் ஈரக் காற்றில் நாளுக்குப் பல லீற்றர் கிடைக்கும். தரை துடைக்க நல்லது, குடிக்கக் கூடாது. துணி அலசிய கடைசி நீரைக் கழிப்பறைக்கு ஊற்றலாம். சவர்க்காரம் அதிகம் கலந்த நீரைக் கீரைப் பாத்திக்கு விடாதீர்கள்.

வெள்ளிக்கிழமையும் பொங்கலுக்கும் வீட்டைக் கழுவ வேண்டாமா?

துப்புரவு வேண்டும். ரப்பர் குழாயைப் பொருத்தித் தரைமேல் தண்ணீர் பாய்ச்சுவதுதான் வேண்டாம். ஒரு வாளித் தண்ணீரும் நல்ல துணியும் இருந்தால் வீடு முழுவதும் துடைத்துவிடலாம். வாகனம் கழுவுவதற்கும் அதே வாளிதான். தைப்பொங்கல் சரியாக உலர்காலத்தின் வாசலில் வருகிறது. உழவுக்கும் மழைக்கும் நன்றி சொல்லும் நாளில் தண்ணீரை மதிப்பது விழாவுக்கு எந்தக் குறையும் செய்யாது.

மழைநீர் சேமிப்பது கொழும்பில் நடைமுறைக்கு ஒத்துவருமா?

ஒத்துவரும். ஒரு சதுர மீற்றர் கூரையில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் ஒரு லீற்றர். 40 சதுர மீற்றர் கூரையில் 25 மில்லிமீற்றர் மழை என்றால் 1,000 லீற்றர். சிந்துவது போக 800 லீற்றராவது பிடிக்கலாம். கொழும்பில் ஒரு நல்ல மாலை மழைக்கு இது சாதாரணம். முதல் சில நிமிட நீரில் கூரைத் தூசியும் காக எச்சமும் இருக்கும், அதை வெளியே விட்டுவிட வேண்டும். மிஞ்சியது கழிப்பறைக்கும் துவைக்கவும் செடிகளுக்கும் தாராளம். இலங்கைக்கு 2005 முதலே மழைநீர்க் கொள்கை ஒன்று இருக்கிறது. ஆனாலும் நகரின் பெரும்பாலான கூரை நீர் இன்னமும் நேரே வடிகானுக்குள்தான் போகிறது.

இங்கே ஒரு கண்டிப்பு. மூடாத நீர் டெங்கு நுளம்பின் தொட்டில். 2017இல் நாட்டில் 180,000க்கு மேற்பட்டோருக்கு டெங்கு என்று பதிவானது; கொழும்பு மாவட்டம் பெரிதும் அடிபட்டது. முட்டை நுளம்பாக எட்டு முதல் பத்து நாட்கள் போதும். முட்டைகள் தாங்கியின் சுவரில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் உலர்ந்தும் உயிரோடு இருக்கும். ஆகவே பீப்பாய்க்கு இறுக்கமான மூடி, நீர் இறங்கும் வாயில் நுண்வலை, வாரம் ஒருமுறை பாத்திரங்களை வெறுமையாக்கி உட்சுவரைத் தேய்த்துக் கழுவுதல் என்பவை கட்டாயம். 2007ஆம் ஆண்டின் நுளம்புப் பெருக்கத் தடைச் சட்டத்தின்படி வளவில் நுளம்பு பெருக விடுவது குற்றம். நீர்வெட்டுக்காக நிரப்பி மறந்துபோன வாளிகளுக்கும் இது பொருந்தும்.

அழுத்தம் குறைவாக வருகிறது. குழாயில் நேரடியாக மோட்டர் பூட்டி இழுக்கலாமா?

கூடாது. அது சட்டத்துக்கு மாறானது, அயலவருக்கும் அநியாயம். ஒரு தெருவின் எல்லா வீடுகளும் ஒரே குழாயிலிருந்து குடிக்கின்றன. நீங்கள் உறிஞ்சினால் தெருக்கோடியில் இருப்பவருக்குக் காற்றுத்தான் வரும். அதோடு குழாய்க்குள் அழுத்தம் குறைந்து வெற்றிடம் உண்டாகும்போது, பழைய இணைப்புகளின் வெடிப்புகள் வழியாகச் சுற்றியுள்ள மண்ணிலிருந்து அழுக்குநீர் உள்ளே இழுபடும். அது எல்லோர் வீட்டுக்கும் போகும், உங்கள் வீட்டுக்கும். கீழ்த்தாங்கியில் தானாக விழும் நீரைச் சேர்த்து, அங்கிருந்து மேல்தாங்கிக்கு ஏற்றுவதுதான் முறை.

நீர்வெட்டு அறிவித்தால் எவ்வளவு சேர்த்துவைக்கலாம்?

அறிவித்த மணிநேரத்துக்குத் தேவையானதும், அதன்மேல் அரை நாளுக்கு உரியதும். அதற்கு மேல் வேண்டாம். பெரிய நிலத்தடித் தாங்கி உள்ள கட்டடங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் நிரப்பத் தொடங்கினால், வெட்டு தொடங்குவதற்கு முன்பே மேட்டுப் பகுதி வீடுகளுக்கு வெட்டு வந்துவிடுகிறது. வெட்டு முடிந்து முதலில் வரும் கலங்கல் நீரைக் கழிப்பறைக்கு எடுத்துக்கொள்ளுங்கள். குடிநீரை ஓரிரு நாள் கொதிக்கவைத்துக் குடியுங்கள்.

எங்கள் தொடர்மாடியில் தண்ணீருக்குப் பொதுவாகப் பணம் பிரிக்கிறார்கள். நான் மிச்சம் பிடித்தால் எனக்கென்ன இலாபம்?

பண இலாபம் உங்களுக்கு மட்டும் வராது என்பது சரி. அதற்காக முறைப்பாடு செய்வதிலும் நியாயம் உண்டு. அதற்குத் தீர்வு வீட்டுக்கு வீடு உள்மானி பொருத்துவது. முகாமைக் குழுக் கூட்டத்தில் எழுத்தில் கேளுங்கள். பொருத்தும்வரை குறைந்தபட்சம் மாதா மாதம் மொத்த அலகை மின்தூக்கிக்கு அருகே ஒட்டிவைக்கச் சொல்லுங்கள். எண் கண்ணில் பட்டால் பேச்சு தொடங்கும், பேச்சு தொடங்கினால் ஒழுகும் குழாய் எந்த மாடியில் என்று தெரியவரும்.

ஆனால் என் பதில் அதோடு நிற்காது. உங்கள் தாங்கி நிரம்பியிருக்கும் அதே நேரத்தில் கிராண்ட்பாஸ் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பத்து வீட்டுக்கு ஒரு பொதுக்குழாய் இருக்கலாம். அங்கே ஒரு தாய் விடிவதற்கு முன் எழுந்து குடத்தை வரிசையில் வைக்கிறாள். நீங்கள் விட்டுக்கொடுக்கும் நீர் நேராக அவள் குடத்தில் விழும் என்று சொல்லமாட்டேன். ஆனால் ஆற்றில் இருக்கும் அளவு ஒன்றுதான். நாம் எல்லோரும் குறைத்தால் குழாயின் கோடிவரை அழுத்தம் நிற்கும்.

அப்படியானால் அந்தத் தோட்டத்து மக்களையும் சிக்கனமாக இருக்கச் சொல்கிறீர்களா?

இல்லை. குடத்தில் சுமப்பவருக்குச் சிக்கனம் சொல்லித்தர வேண்டியதில்லை. நீருக்கான உரிமையை மனித உரிமையாக ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2010இல் ஏற்றுக்கொண்டது. அவர்களுக்கு வேண்டியது கூடுதல் குழாய்களும் நம்பகமான நேரங்களும். குறைக்க வேண்டியவர்கள் தாராளமாகப் பயன்படுத்துகிறவர்கள்: நீச்சல் தடாகமும் புல்தரையும் வைத்திருப்போர், ஹோட்டல்கள், அலுவலகங்கள், பிறகு நம்மைப் போன்ற நடுத்தர வீடுகள். பங்கு பொது, அளவு சமமாக இருக்கத் தேவையில்லை.

சபையின் குழாய்களிலேயே தண்ணீர் வீணாகிறது. எங்களை மட்டும் ஏன் கேட்கிறீர்கள்?

கேள்வி நியாயமானது. கொழும்பு மாநகரில் 2010களின் தொடக்கத்தில், குழாயில் செலுத்திய நீரில் ஏறத்தாழப் பாதி ஒழுக்கிலும் கணக்கில் வராத இணைப்புகளிலும் போய்க்கொண்டிருந்தது. நூறு ஆண்டு கடந்த இரும்புக் குழாய்கள் நிலத்துக்குள் கிடந்தன. ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனுதவியோடு அவற்றை மாற்றும் பெரிய வேலை நடந்தது. வேலை நடந்த இடங்களில் எவ்வளவு குறைந்தது என்று கேட்பதும், எஞ்சியதை எப்போது முடிப்பீர்கள் என்று கேட்பதும் கட்டணம் செலுத்தும் நம் உரிமை. ஆனால் அவர்கள் ஒழுக்கைக் காட்டி நம் ஒழுக்கை நியாயப்படுத்தினால் இரண்டும் தொடரும்.

வீட்டுக்குள் இது யாருடைய வேலை?

பெரும்பாலான வீடுகளில் அம்மாவின் தலையிலும், வேலைக்கு வரும் பெண்ணின் தலையிலும் விழுகிறது. பாத்திரம் கழுவுகிறவரைத் திட்டிவிட்டுப் பூவாளிக் குழாய்க்கு அடியில் இருபது நிமிடம் நிற்பது முறையல்ல. நீர்மானியை வாசிப்பதைப் பிள்ளைகளிடமும், வொஷர் மாற்றுவதையும் தாங்கி கழுவுவதையும் ஆண்களிடமும் கொடுங்கள். தாத்தா, பாட்டி, நோயாளிகள், கைக்குழந்தை ஆகியோரின் தண்ணீரில் மட்டும் கை வைக்காதீர்கள்.

கிணறு இருந்தால் கவலை இல்லையா?

கடற்கரைப் பக்கம் மிதமிஞ்சி இறைத்தால் கிணற்றிலும் உப்பு ஏறும். மலக்குழிகள் நெருக்கமாக உள்ள பகுதிகளில் கிணற்று நீரைச் சோதிக்காமல் குடிக்க வேண்டாம். துவைக்க, கழுவ அதைப் பயன்படுத்தினால் குழாய்நீர் மிஞ்சும்.

தெருவில் குழாய் வெடித்துத் தண்ணீர் ஓடுகிறது. யாருக்குச் சொல்வது?

நீர்வழங்கல் சபையின் 1939 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். தெருவின் பெயர், அருகில் உள்ள கோவில், பள்ளிவாசல், கடை என்று ஏதாவது ஓர் அடையாளம், எப்போதிலிருந்து ஓடுகிறது என்ற விவரம் ஆகியவற்றைச் சொல்லி, முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு எழுதிவையுங்கள். மறுநாளும் ஓடினால் அதே இலக்கத்தைச் சொல்லி மீண்டும் அழையுங்கள். “வேறு யாராவது சொல்லியிருப்பார்கள்” என்று எண்ணிக் கடந்து போகாதீர்கள். அந்தத் தெருவில் இருக்கும் எல்லோரும் அப்படியே எண்ணியிருக்கக்கூடும்.